வீணை பீஸோ மிக்ஸர்ல தகரமா கேக்குறது ஏன்? பெடல்போர்டுல பஃபர் எங்க வைக்கணும்?

வீணை_மீட்டு

எல்லாருக்கும் வணக்கம். என் வீணையில குதிரைக்குப் பக்கத்துல பலகை மேல 27 மில்லிமீட்டர் பீஸோ தட்டு (அதிர்வைக் கரண்ட் சிக்னலா மாத்துறது) ஒண்ணு ஒட்டி ஜாக் போட்டு வச்சிருக்கேன். வீட்ல சின்ன கிட்டார் ஆம்ப்ல குத்துனா மந்தரம், அனுமந்தரம் எல்லாம் நல்ல கனமா வருது. கோயில் கச்சேரிக்குப் போனா மைக்செட்காரர் அந்த ஒயரை அப்படியே மிக்ஸர் லைன் இன்புட்ல குத்துறாரு, உடனே தகரத்துல தட்டுன மாதிரி டிங் டிங்னு மேல் சத்தம் மட்டும்தான் வருது, மிக்ஸர்ல பேஸை ஏத்தச் சொன்னா ஹம்தான் ஏறுதே தவிர வீணையோட அடிச்சத்தம் வரவே மாட்டேங்குது. கடையில விசாரிச்சா ஒருத்தர் ப்ரீஆம்ப் போடுங்கறாரு, இன்னொருத்தர் பஃபர் போதும்ங்கறாரு. எனக்கு வால்யூம் பத்தாம இல்ல, தொனிதான் போகுது. இதுல எது வேணும், ஏன் வேணும்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.

ஸ்ட்ராட்_நெல்லை

எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினைதாங்க, அதனால இங்கயே கேட்டுடறேன். சர்ச்ல கிட்டார் வாசிக்கிறேன், சிங்கிள் காயில் பிக்கப். போர்டுல எல்லாமே ட்ரூ பைபாஸ் பெடல், அதாவது ஆஃப்ல இருந்தா சிக்னல் சர்க்யூட்டுக்குள்ள போகாம நேரா தாண்டிப் போயிடும். ஸ்டேஜ் பெருசு, அதனால கிட்டார்ல இருந்து போர்டுக்கு 6 மீட்டர் கேபிள், போர்டுல இருந்து ஆம்புக்கு இன்னொரு 6 மீட்டர். பெடல் எல்லாம் ஆஃப்ல இருந்தா சவுண்டு மங்கிப்போயி பிக் படுற சத்தமே தெரியல, ஏதாவது ஒரு பெடலை மிதிச்ச உடனே பளிச்சுனு ஆயிடுது, அந்தப் பெடல்ல டோனை எங்க வச்சாலும் அப்படித்தான். ட்ரூ பைபாஸ்னா சிக்னல்ல கை வைக்காதுன்னுதானே கூடக் காசு குடுத்து வாங்குறோம், அப்புறம் எங்க போகுது?

ஆம்ப்_மெக்கானிக்

ரெண்டு பேர் கேள்விக்கும் பதில் ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேருக்கும் தொலையுற சத்தம் எதிரெதிர். வீணைக்காரருக்குக் கீழ் சத்தம் போகுது, கிட்டார் தம்பிக்கு மேல் சத்தம் போகுது. இது ஏன்னு புரிஞ்சிட்டா பஃபர் விஷயத்துல முக்கால்வாசி முடிஞ்சுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

பிக்கப் சத்தத்தை எடுக்குது, கேபிள் கொண்டுபோகுது, ஆம்ப் பெருசாக்குதுன்னு மூணு தனித்தனி வேலையா நினைக்கிறோம் பாருங்க, குழப்பம் எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. பிக்கப், கிட்டாருக்குள்ள இருக்குற வால்யூம் டோன் பாட் (திருகுற ரெசிஸ்டர்), கேபிள், ஆம்போட இன்புட் ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்து ஒரே சர்க்யூட். ஒண்ணைத் தொட்டா மொத்தமும் மாறும். பஃபர் அந்தச் சர்க்யூட்டை ஒரு இடத்துல வெட்டி ரெண்டாக்குது, அதோட வேலை அவ்வளவுதான். கெயின் ஒண்ணு, அதாவது உள்ள போன வோல்ட்டேஜ் அப்படியே வெளிய வரும், கூடாது குறையாது. ஆனா உள்பக்கம் 1 மெகா ஓம், 10 மெகா ஓம்னு இருக்குறதால பிக்கப்புக்கு அது ஒரு பாரமாவே தெரியாது, வெளிப்பக்கம் 1 கிலோ ஓமுக்கும் கீழ இருக்குறதால பின்னாடி எவ்வளவு நீளக் கேபிள் வந்தாலும் அசராது. ப்ரீஆம்ப்னா இதோட கெயினும் டோன் கண்ட்ரோலும் சேர்ந்து வரும். வால்யூம் பத்தலைன்னா அது, தொனி மட்டும் போகுதுன்னா பஃபர் போதும்.

இப்ப கிட்டார். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி சிங்கிள் காயில் பிக்கப்பை மல்டிமீட்டர்ல அளந்தா 6, 7 கிலோ ஓம் காட்டும், அதைப் பாத்துட்டு சின்ன இம்பீடன்ஸ்தானேன்னு (சிக்னலுக்கு இருக்குற மொத்த எதிர்ப்பு) விட்டுடறாங்க. அது டிசி அளவு. உள்ள ஆயிரக்கணக்கான சுத்து கம்பி இருக்கு, இண்டக்டன்ஸ் 2 ஹென்றிக்கு மேல. 2.5 ஹென்றின்னு வச்சுக்குவோம், 4 கிலோ ஹெர்ட்ஸ்ல அதோட எதிர்ப்பு மட்டும் 60 கிலோ ஓமைத் தாண்டிடும். இதுக்கு எதிர்ல கேபிள் ஒரு கெப்பாசிட்டரா நிக்குது. சாதாரண கிட்டார் கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் பக்கம் இருக்கும். காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்தா ஒரு ரெசனன்ஸ் உண்டு, அந்த இடத்துல சத்தம் கொஞ்சம் தூக்கலா வரும், அதுக்கு மேல மளமளன்னு இறங்கிடும். ஸ்ட்ராட்டோட அந்த மினுக்கு இருக்கே, அது இந்த மேடுதான்.

பிக்கப்போட சொந்தக் கெப்பாசிட்டன்ஸா 100 பிக்கோ சேர்த்துக் கணக்கு போட்டுப் பாருங்க. 3 மீட்டர் கேபிள்ல மேடு 5 கிலோ ஹெர்ட்ஸ்ல நிக்கும், 6 மீட்டர்ல 3.8, 12 மீட்டர்ல 2.8. தம்பிக்கு நடக்குறது இதுதான். பெடல் எல்லாம் ஆஃப்ல இருந்தா முன்கேபிள், பேட்ச் கேபிள், பின்கேபிள் எல்லாமே பிக்கப் தலையிலதான். ட்ரூ பைபாஸ் சுவிட்சு வெறும் ஒயர் மாதிரிதான் நடந்துக்குது, சொன்ன சொல்லைக் காப்பாத்துது, அந்த ஒயரோட நீளத்தை யாரும் கணக்குல எடுக்கல. ஒரு பெடலை மிதிச்சா பிக்கப்புக்கு முன்னாடி 6 மீட்டர் மட்டும்தான் தெரியும், மிச்சத்தை அந்தப் பெடலோட அவுட்புட் ஓட்டிடும். அதான் மிதிச்ச உடனே பளிச்சுனு கேக்குது.

பீஸோ அப்படியே தலைகீழ். அதுல காயில் கிடையாது, அதுவே ஒரு கெப்பாசிட்டர். 27 மில்லிமீட்டர் தட்டு ஏறக்குறைய 20 நானோ ஃபாரட் இருக்கும். கெப்பாசிட்டருக்கு எதிர்ல ரெசிஸ்டர் வந்தா கீழ் சத்தத்தை வடிகட்டி எடுத்துடும். எங்க இருந்து வெட்ட ஆரம்பிக்கும்னா, 1ஐ ரெண்டு பை பெருக்கல் ரெசிஸ்டன்ஸ் பெருக்கல் கெப்பாசிட்டன்ஸால வகுத்துக்குங்க. மிக்ஸர் லைன் இன்புட் 10 கிலோ ஓம்னா கிட்டத்தட்ட 800 ஹெர்ட்ஸ். ஐயா, 3 கட்டைக்குச் சேர்த்த வீணையில சாரணி, அதாவது முதல் தந்தி, 165 ஹெர்ட்ஸ், அனுமந்தரம் 62 ஹெர்ட்ஸ் பக்கம். சாரணியோட ஆதார சத்தமே 14 டெசிபெல் கீழ போயிடும், அனுமந்தரம் 22 டெசிபெல். அதே ஒயரைக் கிட்டார் ஆம்ப்ல குத்துனா இன்புட் 1 மெகா ஓம், வெட்டுற இடம் 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடுது, அதான் வீட்ல கனமா கேட்டீங்க. மைக்செட்காரர் பேஸை ஏத்தும்போது ஹம் மட்டும் ஏறுதுன்னா வீணையோட கீழ் சத்தம் அங்க வந்து சேரவே இல்ல, ஹம்தான் வந்திருக்கு, அது ஏறுது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு, பலருக்குத் தெரியாது. பீஸோவுக்கு நீளக் கேபிள் போட்டா ட்ரெபிள் போகாது, மொத்த லெவல்தான் குறையும், கெப்பாசிட்டருக்குப் பக்கத்துல இன்னொரு கெப்பாசிட்டர் வந்து பங்கு போட்டுக்குது, அவ்வளவுதான். 20 நானோ தட்டுக்கு 6 மீட்டர் கேபிள் ஒரு பொருட்டே இல்ல. கிட்டார் சேடிலுக்கு அடியில வைக்கிற பட்டை பீஸோ சில 1 நானோ ஃபாரட்தான் இருக்கும், அதுக்கு அதே கேபிள் 4 டெசிபெல் தின்னுடும்.

மேடை_சவுண்ட்

ஆம்ப் அண்ணே, கணக்கெல்லாம் சரி, ஆனா ஒண்ணு இடிக்குது. நான் கச்சேரிக்கு மிக்ஸிங் பண்றவன். வயலின், வீணைக்கு பீஸோ ஒட்டிட்டு வர்றவங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பேசிவ் டிஐ பாக்ஸ்தான் (கருவியோட சிக்னலை மிக்ஸர் மைக் இன்புட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) குடுக்குறேன், பஃபர் கிஃபர் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் வருது. ஆனா அக்கூஸ்டிக் கிட்டார்க்காரர் ஒருத்தருக்கு அதே பாக்ஸைக் குடுத்தா சத்தம் ஒல்லியா வந்துச்சு. பீஸோன்னா எல்லாம் பீஸோதானே?

ஆம்ப்_மெக்கானிக்

அருமையான இடத்தைத் தொட்டீங்க. பேசிவ் டிஐ-ல 12க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், இம்பீடன்ஸ் அதோட வர்க்கத்துல மாறும், அதாவது 144 மடங்கு. மிக்ஸரோட மைக் இன்புட்டை அது பெருசாக்கிக் காட்டும்போது கருவிக்குத் தெரியுறது நல்ல டிஐ-ல 140 கிலோ ஓம் பக்கம். இதை 20 நானோ தட்டோட போட்டுப் பாருங்க, 57 ஹெர்ட்ஸ்ல வெட்டும். வயலினோட கடைசித் தந்தியே அதுக்கு ரொம்ப மேல, வீணைக்கு அனுமந்தரத்துல லேசா குறையும், உக்காந்து கேக்குறவங்களுக்குத் தெரியாமலே போயிடலாம். அந்த அக்கூஸ்டிக் கிட்டார்ல பட்டை பீஸோ இருந்து, உள்ள ப்ரீஆம்ப் இல்லாம நேரா ஜாக்குக்கு வந்திருக்கும். 1 நானோவுக்கு 140 கிலோ ஓம்னா 1100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குறதை எல்லாம் வெட்டிடும், கிட்டாரோட கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். ஒல்லியா வராம என்ன செய்யும்? அந்தப் பட்டைக்கு 1 மெகா ஓம் கூடப் பத்தாது, 159 ஹெர்ட்ஸ்ல நிக்கும். 10 மெகா ஓம் குடுத்தாதான் 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

அதனால பீஸோவுக்கு பஃபர் வாங்கும்போது இன்புட் எத்தனை மெகா ஓம்னு கேட்டு வாங்குங்க. கிட்டாருக்குன்னு விக்கிற 1 மெகா ஓம் பஃபர் தட்டு பீஸோவுக்குச் சரி, பட்டைக்குச் சரி வராது.

கீபோர்டு மாதிரி கருவிக்கு பேசிவ் டிஐ ரொம்ப நல்லது, அதை விட்டுடாதீங்க. கிரவுண்டு லூப் ஹம்மை அது வெட்டுற மாதிரி சாதாரண பஃபர் வெட்டாது.

ஸ்ட்ராட்_நெல்லை

அண்ணே ரொம்ப நன்றி, இப்பதான் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருந்தது தெளிஞ்சுது. அப்ப பஃபரைக் கிட்டாருக்குள்ளயே வச்சிட்டா எந்தக் கேபிளும் பாதிக்காதுல்ல? அதானே பெஸ்ட்டு? இல்ல போர்டுல வைக்கவா, முதல்லயா கடைசிலயா?

ஆம்ப்_மெக்கானிக்

தம்பி, உங்க காதுக்குப் பழகுன சவுண்டு எது? நேரா 6 மீட்டர் கேபிள்ல ஆம்புக்குப் போனா வர்ற சவுண்டுதானே. அப்படின்னா அந்த முதல் 6 மீட்டரை பிக்கப் கூடவே விடுங்க, அது முடியுற இடத்துல வெட்டுங்க. அதாவது போர்டுல முதல் பெடலா பஃபர். பிக்கப்புக்கு 3.8 கிலோ ஹெர்ட்ஸ் மேடு அப்படியே கிடைக்கும், பின்னாடி எத்தனை பெடல் எத்தனை மீட்டர் வந்தாலும் மாறாது.

கிட்டாருக்குள்ள வச்சா கேபிளே இல்லாத மாதிரி ஆயிடும். வெறும் 100 பிக்கோ ஃபாரட்தான் மிச்சம், மேடு 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏறிடும். ரொம்பக் கண்ணாடித்தனமா, ஊசி குத்துற மாதிரி கேக்கும். சிலருக்கு அது பிடிக்கும், பிடிக்காதவங்க பஃபருக்கு முன்னாடி 470 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணை கிரவுண்டுக்குப் போட்டு கேபிள் இருக்குற மாதிரி பண்ணிடுவாங்க. கிரேட்ஃபுல் டெட் குழுவோட ஜெர்ரி கார்சியா கிட்டாருக்குள்ளயே யூனிட்டி கெயின் பஃபர் வச்சிருந்தார். அவர் கிட்டார்ல இருந்து சிக்னல் எஃபெக்ட் பெட்டிக்குப் போயிட்டுத் திரும்பக் கிட்டாருக்கே வந்து, அப்புறம்தான் வால்யூம் பாட்டைத் தாண்டி ஆம்புக்குப் போகும். வால்யூமைக் குறைச்சாலும் எஃபெக்டுக்குப் போற லெவல் குறையாது. அந்த மாதிரி ஏற்பாட்டுக்கு உள்ள பஃபர் கட்டாயம். இஎம்ஜி மாதிரி ஆக்டிவ் பிக்கப்லயும் இதே கதைதான், காயில் சின்னது, உள்ளயே ஆம்ப், அதனாலதான் அதுக்கு 250, 500 கிலோ ஓம் பாட்டுக்குப் பதிலா 25 கிலோ ஓம் பாட் போடுறாங்க.

கடைசில ஒரு பஃபர் வேணுமான்னு கேட்டீங்க. போர்டோட கடைசில இருக்குற பெடல்ல வால்யூம் பாட் நேரா அவுட்புட்டுக்கு வருதுன்னா, உதாரணத்துக்கு சில ஃபஸ் பெடல்ல (சத்தத்தை முரட்டுத்தனமா உடைக்கிற பெடல்) 500 கிலோ ஓம் பாட் அப்படி வரும், அப்ப பின்கேபிளுக்கு ஒண்ணு வேணும். மத்தபடி தேவையில்ல. எல்லா பெடலும் பஃபர்டு பைபாஸா வாங்கி வரிசையா அடுக்குறதும் எனக்குச் சம்மதமில்ல, ஒவ்வொண்ணும் துளித்துளியா நாய்ஸ் சேர்க்கும், பழைய எமிட்டர் ஃபாலோயர் (ஒரே டிரான்சிஸ்டர்ல செய்யுற பஃபர்) வகையில லெவலும் துளி குறையும், பத்து சேர்ந்தா காதுக்குத் தெரியும். நல்ல பஃபர் ஒண்ணு சரியான இடத்துல இருந்தா போதும்.

ஆங், இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன். உங்க ஆம்ப்ல ஒண்ணு, ரெண்டுன்னு ரெண்டு இன்புட் ஜாக் இருக்கா? எதுல குத்துறீங்க?

ஸ்ட்ராட்_நெல்லை

ஆமாண்ணே, சர்ச்ல இருக்குறது பழைய டியூப் ஆம்ப், ரெண்டு ஜாக் இருக்கு. ஒண்ணுல சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ரெண்டுலதான் குத்துறேன்.

ஆம்ப்_மெக்கானிக்

நினைச்சேன். ஃபெண்டர் டிசைனைப் பாத்துச் செஞ்ச ஆம்பா இருந்தா, இன்புட் ஜாக்குக்குப் பின்னாடியே மூணு ரெசிஸ்டர் தெரியும். நீலம் சாம்பல் ஆரஞ்சு கோடு போட்டது ரெண்டு, அது 68 கிலோ ஓம். பழுப்பு கருப்பு பச்சை போட்டது ஒண்ணு, அது 1 மெகா ஓம். முதல் ஜாக்குல குத்துனா அந்த ரெண்டு 68ம் பக்கம் பக்கமா சேர்ந்து 34 கிலோ ஓமா டியூப் கிரிட்டுக்கு (டியூபுக்குள்ள சிக்னல் போற முனை) போகும், பிக்கப்புக்குத் தெரியுற பாரம் 1 மெகா ஓம். ரெண்டாவது ஜாக்குல குத்துனா அதே ரெண்டு 68ம் வரிசையா நின்னு சிக்னலைப் பாதியாக்கிடும், பிக்கப்புக்குத் தெரியுற பாரம் 136 கிலோ ஓம் ஆயிடும். சத்தம் 6 டெசிபெல் குறையுறதைத்தான் எல்லாரும் கவனிக்கிறாங்க. ஆனா அந்த 136 கிலோ ஓம் பிக்கப்போட மேட்டையும் அமுக்கிடுது, மேடு இருந்த இடமே தெரியாம தட்டையாயிடும். உங்களுக்கு மங்கலா கேட்டதுல இதுக்கும் பங்கு இருக்கு. முன்னாடி பஃபர் வந்துட்டா ரெண்டாவது ஜாக்குல தாராளமா குத்தலாம், பஃபருக்கு 136 கிலோ ஓம் ஒரு பாரமே இல்ல, சத்தம் மட்டும் பாதியாகும், தொனி அப்படியே இருக்கும்.

தயவுசெஞ்சு ஆம்பைத் திறந்து பாக்கணும்னு ஆர்வத்துல கைய உள்ள விட்டுடாதீங்க. டியூப் ஆம்ப்ல ஃபில்டர் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டுக்கு மேல சேர்த்து வச்சிருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் பண்ணத் தெரிஞ்சவங்க மட்டும் திறக்கட்டும்.

யாழ்_கிற்றார்

வணக்கம் அண்ணை, நல்ல விளக்கம், எனக்குக் கனநாளா விளங்காமல் கிடந்த விசயம். என்னட்டை ஒரு ஜெர்மேனியம் ஃபஸ் இருக்கு, பழைய ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டைப் பாத்துச் செய்தது. கிற்றாரைத் தனிய அதில குத்தினா அருமையா இருக்கு, கிற்றார் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சா வடிவா கிளீன் ஆகுது. ஆனா அதுக்கு முன்னால பஃபர் உள்ள டியூனர் பெடலை வைச்சா சத்தம் கீச்செண்டு போகுது, வால்யூமைக் குறைச்சாலும் முந்தி மாதிரி கிளீன் ஆகுதில்லை. பஃபர் நல்லது எண்டா இது மட்டும் ஏன் கெட்டுப்போகுது?

ஆம்ப்_மெக்கானிக்

வாங்க. பஃபர் எல்லா இடத்துலயும் நல்லதுன்னு நான் சொல்லல, எங்க வெட்டணும்ங்கறதுதான் விஷயம். உங்க கேஸ்ல வெட்டக் கூடாத இடத்துல வெட்டு விழுந்திருக்கு.

ஃபஸ் ஃபேஸ் 1966ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி விட்டது. ரெண்டே டிரான்சிஸ்டர், விரல் விட்டு எண்ணுற அளவு பார்ட்ஸ். முதல் டிரான்சிஸ்டரோட பேஸுக்கு சிக்னல் ஒரு கெப்பாசிட்டர் வழியா நேரா போகும், நடுவுல ரெசிஸ்டர்னு ஒண்ணும் இல்ல. இன்புட் இம்பீடன்ஸ் சில கிலோ ஓம்தான். அதனால அது பிக்கப்ல இருந்து நல்லா கரண்ட் இழுக்கும், அப்ப பிக்கப்போட இண்டக்டன்ஸே அந்த ஃபஸ்ஸுக்கு ஒரு பார்ட் மாதிரி வேலை செய்யும். ட்ரெபிளை மட்டுப்படுத்துறது அதுதான். வால்யூமைக் கொஞ்சம் குறைச்சா பாட்டோட ரெசிஸ்டன்ஸ் நடுவுல வந்து கரண்ட்டைக் குறைக்குது, அதான் அவ்வளவு அழகா கிளீன் ஆகுது. நடுவுல பஃபரை வச்சா ஃபஸ்ஸுக்கு பிக்கப்பும் தெரியாது, பாட்டும் தெரியாது, 1 கிலோ ஓமுக்கும் கீழ இருக்குற ஒரு சோர்ஸ் மட்டும்தான் தெரியும். ட்ரெபிள் அடங்காம உள்ள வரும், கீச்சுனு போகும்.

ஃபஸ்ஸை எல்லாத்துக்கும் முன்னாடி வச்சிட்டு டியூனரை அடுத்ததா வைங்க, அதோட தீந்துது. அப்படி வைக்க முடியாத நிலைமைன்னா பஃபருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவுல 10 கிலோ ஓம் பக்கம் ஒரு ரெசிஸ்டர் சீரிஸா போட்டா ஓரளவு சரியாகும், முழுசா பழைய மாதிரி வராது, ஏன்னா பிக்கப்போட இண்டக்டன்ஸ் இல்லையே. ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, 1979ல வந்த டிஎஸ்808லயே இன்புட்ல எமிட்டர் ஃபாலோயர் பஃபர் உண்டு, அதுக்கு முன்னாடி என்ன வந்தாலும் கவலைப்படாது.

வால்வு_விரும்பி

நல்ல இழை. நான் கேக்க நினைக்கிறது ஆம்புக்கு உள்ள. மார்ஷல் சர்க்யூட்ல டோன் கண்ட்ரோலுக்கு முன்னாடி கேத்தோடு ஃபாலோயர்னு ஒண்ணு இருக்கு, ஃபெண்டர் ட்வின்ல அது இல்ல. அதுவும் பஃபர்தானா? அப்ப ஃபெண்டர்ல ஏன் எடுத்துட்டாங்க?

ஆம்ப்_மெக்கானிக்

அதுவும் பஃபர்தான், இந்த இழையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது.

12ஏஎக்ஸ்7 டியூபோட பிளேட்ல (சிக்னல் பெருசாகி வெளிய வர்ற முனை) இருந்து 100 கிலோ ஓம் லோடோட சிக்னல் எடுத்தா அவுட்புட் இம்பீடன்ஸ் 38 கிலோ ஓம் பக்கம் இருக்கும். ட்ரெபிள் பேஸ் மிடில் கண்ட்ரோல் மூணும் சேர்ந்த டோன் ஸ்டாக் அதுக்குப் பெரிய பாரம், லெவல் போகும், கண்ட்ரோல் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். அதே டியூபோட இன்னொரு பாதியைக் கேத்தோடு ஃபாலோயரா போட்டா அவுட்புட் 600 ஓம் பக்கம் வந்துடுது, டோன் ஸ்டாக்கை அசால்ட்டா ஓட்டும். 50கள் கடைசில வந்த ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ இந்த அமைப்புதான். லண்டன்ல ஜிம் மார்ஷல் கடையில 60கள் ஆரம்பத்துல அதை வச்சுதான் ஜேடிஎம்45 செஞ்சாங்க, அதனாலதான் மார்ஷல் பரம்பரையில பெரும்பாலான ஆம்ப்ல இந்தக் கேத்தோடு ஃபாலோயர் வந்துச்சு. ஃபெண்டர் பிளாக்ஃபேஸ் (கறுப்பு முகப்பு வச்ச 60கள் ஆம்ப்) காலத்துல டோன் ஸ்டாக்கை முதல் டியூபோட பிளேட்ல இருந்தே நேரா ஓட்டிட்டு, போன லெவலை அதுக்குப் பின்னாடி இன்னொரு கெயின் ஸ்டேஜ் வச்சு மீட்டுக்கிட்டாங்க. நடுவுல குழிஞ்ச அந்த ஃபெண்டர் கிளீன் சவுண்டுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

ஆனா இந்தக் கேத்தோடு ஃபாலோயர் பெடல்ல இருக்குற பஃபர் மாதிரி சுத்தமானது இல்ல. முந்துன டியூபோட பிளேட்டும் இதோட கிரிட்டும் நடுவுல கெப்பாசிட்டர் இல்லாம நேரா சேர்ந்திருக்கு. பலமா அடிச்சா இதோட கிரிட் கரண்ட் இழுக்க ஆரம்பிச்சு அலையோட ஒரு பக்கத்தை மெதுவா அமுக்கும், கேக்குறதுக்கு லேசான கம்ப்ரஷன் மாதிரி இருக்கும். மார்ஷலை வாசிக்கும்போது விரலுக்குக் கீழ தெரியுற அந்த இழுவையில ஒரு பங்கு இதுக்கு உண்டு. இன்னொரு விஷயம், இங்க கேத்தோடு 150 வோல்ட்டுக்கும் மேல உக்காந்திருக்கும், ஹீட்டர் கீழ கிடக்கும். சில புதுத் தயாரிப்பு டியூப் இந்த இடத்துல தாங்குறது இல்ல. மார்ஷல் வகை ஆம்ப்ல பொரிபொரின்னு சத்தம் வந்தா நான் இந்த டியூபை மாத்திப் பாத்துட்டுத்தான் மத்ததைத் தொடுவேன்.

வீணை_மீட்டு

எல்லாருக்கும் நன்றி. நானே ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன், ஈயம் வைக்கத் தெரியும். சென்னை ரிச்சி தெருவுல ஒரு கடையில டிஎல்072 ஆப்ஆம்ப் ஐசி கேட்டேன், அது எதுக்கு சார், 5532 வாங்குங்க, நாய்ஸ் ரொம்பக் கம்மின்னாரு. எதை வாங்க?

ஆம்ப்_மெக்கானிக்

072 வாங்குங்க. கடைக்காரர் சொன்னது பொய் இல்ல, வோல்ட்டேஜ் நாய்ஸ் 5532ல ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோ வோல்ட், பழைய 072ல 18. ஆனா அது மைக் மாதிரி சின்ன இம்பீடன்ஸ் சோர்ஸுக்குப் பொருந்துற கணக்கு. 5532 உள்ள சாதாரண பைபோலார் டிரான்சிஸ்டர் இன்புட், அது வேலை செய்யவே இன்புட்ல 200 நானோ ஆம்ப் பையஸ் கரண்ட் இழுக்கும். நீங்க 10 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியா பையஸ் குடுத்தா அந்த ரெசிஸ்டர்லயே 2 வோல்ட் விழுந்துடும். 4.5 வோல்ட்ல நிக்க வேண்டியது 2.5க்கு வந்துடும், பலமா மீட்டும்போது ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்படும். போதாக்குறைக்கு அதோட கரண்ட் நாய்ஸ் பீஸோ மாதிரி சோர்ஸ்ல இரைச்சலா வெளிய வரும். 072 ஜேஃபெட் இன்புட், பையஸ் கரண்ட் பிக்கோ ஆம்ப் கணக்குலதான், 10 மெகா ஓம்ல 1 மில்லி வோல்ட் கூட விழாது.

வயரிங் சொல்றேன். 9 வோல்ட்டை ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால பாதியாக்கி, நடுவுல இருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோ ஃபாரட். அந்த நடுப்புள்ளியில இருந்து ப்ளஸ் இன்புட்டுக்கு 10 மெகா ஓம். பீஸோ ப்ளஸ் இன்புட்டுக்கு 100 நானோ ஃபாரட் வழியா வரட்டும். மைனஸ் இன்புட்டை நேரா அவுட்புட்டோட சேர்த்துடுங்க, பஃபர் ஆயிடுச்சு. அவுட்புட்ல 10 மைக்ரோ ஃபாரட், அப்புறம் சீரிஸா 470 ஓமோ 1 கிலோ ஓமோ ஒண்ணு. அந்தக் கடைசி ரெசிஸ்டரை விட்டுடாதீங்க, அது இல்லாம நீளக் கேபிள் போட்டா ஐசி ஆசிலேட் ஆகலாம். வெளிப்பக்க ஜாக்குல இருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் போட்டா பிளக் குத்தும்போது டொப்புனு வெடிக்காது. ஐசியில ரெண்டு ஆப்ஆம்ப் இருக்கு, சும்மா இருக்குறதோட மைனஸையும் அவுட்புட்டையும் சேர்த்து ப்ளஸை நடுப்புள்ளியில கட்டிடுங்க, காத்துல விடாதீங்க. மொத்தமே 3 மில்லி ஆம்ப்தான் இழுக்கும், நல்ல அல்கலைன் பேட்டரி நூறு மணி நேரத்தைத் தாண்டும்.

தட்டோட பித்தளைப் பக்கத்தை ஜாக்கோட கிரவுண்டுல வைங்க, நடுவுல இருக்குற வெள்ளைப் பக்கம்தான் சிக்னல். மேல செப்பு டேப் சுத்தி அதையும் கிரவுண்டோட சேர்த்துடுங்க, சிக்னல் பக்கத்தைத் தொடாம நடுவுல இன்சுலேஷன் டேப் வைக்கணும். 10 மெகா ஓம் இன்புட் ஹம்மைச் சுலபமா பிடிக்கும், அதனால தட்டுல இருந்து பெட்டி வரைக்கும் ஷீல்டு ஒயர், அதுவும் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பெட்டி அலுமினியம்.

மேடை_சவுண்ட்

வீணை ஐயா, செஞ்சு முடிச்சிட்டு எங்க ஆளுங்க கையில குடுக்கும்போது ஒண்ணு சொல்லிடுங்க. சில இடத்துல லைன் இன்புட் காலி இல்லைன்னு எக்ஸ்எல்ஆர் கன்வெர்ட்டர் போட்டு மைக் சேனல்ல குத்துவாங்க, அந்தச் சேனல்ல ஃபேண்டம் (கண்டன்சர் மைக்குக்கு மிக்ஸர் அனுப்புற பவர்) ஆன்ல இருந்தா உங்க பெட்டிக்கு என்ன ஆகும்னு ஆம்ப் அண்ணன்தான் சொல்லணும்.

ஆம்ப்_மெக்கானிக்

48 வோல்ட் ரெண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா வரும். கன்வெர்ட்டர்ல ஒரு பின் கிரவுண்டோட சேர்ந்திருக்கும், இன்னொரு பின்ல வர்ற வோல்ட்டேஜ் நேரா உங்க 10 மைக்ரோ ஃபாரட் மேல வந்து நிக்கும். 16 வோல்ட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தா அது போயிடும், ஐசியும் கூடப் போகலாம். அதனால அந்த ஒரு கெப்பாசிட்டரை மட்டும் 63 வோல்ட் ரேட்டிங்ல வாங்கி, ப்ளஸ் முனை ஜாக் பக்கம் வர்ற மாதிரி இல்லாம, ரெண்டு பக்கமும் தாங்குற பைபோலார் வகையாவே போடுங்க. ஐசி அவுட்புட்ல இருந்து 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் தலா ஒரு 1என்4148 டயோடு ரிவர்ஸ்ல வச்சா, ஃபேண்டம் ஆன் பண்ற நொடியில பாயுற கரண்ட் ஐசிக்குள்ள போகாம அது வழியா போயிடும். பெட்டி மேல "லைன் இன்புட் மட்டும்"னு பெரிய எழுத்துல எழுதி ஒட்டிடுங்க. மைக் சேனல்தான் காலின்னா பெட்டியில இருந்து மேடை_சவுண்ட் வச்சிருக்குற பேசிவ் டிஐக்கு ஒரு குட்டி கேபிள், அங்க இருந்து மிக்ஸர். உங்க பெட்டி 140 கிலோ ஓமை ஓட்டும், டிரான்ஸ்ஃபார்மர் ஃபேண்டமை இந்தப் பக்கம் வர விடாது.